வண்டி ஏன் ஓடவில்லை?

தில்லியில் ஒரு காலை நேரம். மெட்ரோ ரயில் நிலையத்தின் வாசலில் பேட்டரி ரிக்‌ஷாக்கள் வரிசையாக நின்றன. ஒரு வண்டி மட்டும் கிளம்பவில்லை. அதன் ஓட்டுநர் ஒரு பெண். கடன் வாங்கி அந்த வண்டியை வாங்கியிருந்தார். வண்டி ஓடினால்தான் அன்றைய வருமானம். மாதத் தவணையும் கட்ட வேண்டும்.

பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"தீதி, நான்கு பேட்டரியும் போய்விட்டது. எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்" என்றார்.

தீதி என்றால் அக்கா. தில்லியில் அப்படித்தான் அழைப்பார்கள்.

நான்கு பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும். அவர் மனம் கலங்கினார். ஆனாலும் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். கற்போர் மையத்தில் எழுதப் படிக்கக் கற்ற பிறகு தொடங்கிய நோட்டு அது. பேட்டரி வாங்கிய தேதி அதில் இருந்தது.

"வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்குள் நான்கும் கெடுமா? முதலில் பார்ப்போம்" என்றார்.

எளியதை முதலில் பார்

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

1. சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது.

2. முன்னே, பின்னே போவதற்கான சுவிட்சைப் பார்த்தார். அது சரியாக இருந்தது.

3. பிரேக்கைப் பார்த்தார். பல வண்டிகளில் பிரேக் பிடித்தால் மோட்டாருக்கு மின்சாரம் நிற்கும். பிரேக் சிக்கிக்கொண்டால் வண்டி நகராது. இங்கே பிரேக் சிக்கவில்லை.

4. சீட்டுக்கு அடியில் பெரிய சுவிட்ச் இருந்தது. மின்சாரம் அளவுக்கு மீறினால் அது தானாக விழும். அது விழவில்லை.

5. பேட்டரி அளவு காட்டும் மீட்டரைப் பார்த்தார். இரவு முழுவதும் சார்ஜ் ஏறியிருந்தது.

பிறகு ஆக்சிலேட்டரை முறுக்கினார். உடனே விளக்கு மங்கியது. கையை எடுத்ததும் பிரகாசமாக எரிந்தது. அதையும் நோட்டில் எழுதினார்.

மெக்கானிக் வந்தார்

மெக்கானிக் நோட்டைப் படித்தார்.

"நல்ல வேலை செய்தீர்கள் தீதி. பாதி வேலை முடிந்தது" என்றார். சாவியை அணைத்தார். பெரிய சுவிட்சையும் அணைத்தார். பிறகு மீட்டரை வைத்து ஒவ்வொரு பேட்டரியாக அளந்தார். அவர் எண்ணைச் சொன்னார். தீதி எழுதினார்.

12.7
12.6
12.7
12.6

தீதி கூட்டிப் பார்த்தார். மொத்தம் 50.6 வோல்ட்.

"நான்கும் நன்றாக இருக்கின்றன. கெட்ட பேட்டரி என்றால் பெரும்பாலும் அதன் எண் மட்டும் குறைவாக இருக்கும்" என்றார் மெக்கானிக்.

"அப்படியென்றால் வண்டி ஏன் ஓடவில்லை, பையா?"

மெக்கானிக் மூன்றாவது பேட்டரியைக் காட்டினார். கம்பி சேரும் முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி படிந்திருந்தது. நட்டும் தளர்ந்திருந்தது.

குழாயில் அழுக்கு அடைத்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும். ஒரு குவளை நிறையும். ஆனால் வயலுக்குப் பாயாது. இதுவும் அப்படித்தான். விளக்குக்குச் சிறிது மின்சாரம் போதும். மோட்டாருக்கு நிறைய வேண்டும். பொடி அதைத் தடுத்தது.

சுத்தம் செய்யும் முறை

மெக்கானிக் சொன்னபடி தீதி உலோக வளையலையும் மோதிரத்தையும் கழற்றினார். ஸ்பேனரின் பிடியில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. ஸ்பேனர் ஒரே நேரத்தில் இரண்டு முனைகளைத் தொட்டால் தீப்பொறி பறக்கும்.

பேட்டரியின் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் நனைத்து முனையைத் துடைத்தார்கள். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. முனையை உலர்த்தி, நட்டை இறுக்கி, மேலே வாசலின் தடவினார்கள்.

பெரிய சுவிட்சைப் போட்டார்கள். தீதி சாவியைத் திருப்பி ஆக்சிலேட்டரை முறுக்கினார். வண்டி நகர்ந்தது. பேட்டரி வாங்கும் செலவு மிச்சமானது.

அன்று இரவு அவர் நோட்டில் எழுதினார்: "வாரம் ஒரு முறை நட்டும் முனையும் பார்க்க வேண்டும்."

நினைவில் வைப்போம்

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து எரியும் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. காற்றோட்டம் வேண்டும்.

தண்ணீர் ஊற்றும் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது.

பேட்டரி அமிலம் உடலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

பயிற்சி

1. தீதி ஏன் உடனே பேட்டரிகளை மாற்றவில்லை?

2. விளக்கு எரிந்தும் வண்டி ஏன் ஓடவில்லை?

3. வேறொரு வண்டியில் நான்கு பேட்டரிகளின் அளவு இது: 12.6, 12.7, 10.4, 12.6. எந்தப் பேட்டரியைச் சோதிக்க வேண்டும்? மொத்தம் எத்தனை வோல்ட்?

4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருளின் பெயரையும் அதை வாங்கிய தேதியையும் நோட்டில் எழுதுங்கள்.