நோயாளியும் ஆய்வுக்கூடமும்

நோயைத் தீர்ப்பது வைத்தியர் தொழிலென்றும், நோயின் காரணத்தை ஆராய்வது விஞ்ஞானியின் தொழிலென்றும் பிரித்துப் பேசுவது வழக்கம். பிரிவினை வசதியானதே. ஆயின் நோயாளியிடம் எழும் வினா ஆய்வுக்கூடத்தை எட்டாமலும், ஆய்வுக்கூடத்திற் கண்ட விடை நோயாளியை எட்டாமலும் நின்றுவிடுதல் இதனாலன்றோ நேர்கின்றது? இவ்விரண்டிடத்தும் பழகிய இளைஞரை ஆக்குவது எவ்வாறென்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்ததொன்றை எடுத்துரைப்பாம்.

அந்நாட்டுத் தேசிய சுகாதார நிலையங்கள் பெதெஸ்டா என்னும் ஊரில் உள்ளன. அங்கு 1953 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஆராய்ச்சி மருத்துவமனையில் நோயாளிகளின் அறைகளும் ஆய்வுக்கூடங்களும் ஒரே கட்டடத்தில் அருகருகே அமைக்கப்பட்டன. மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்னும் இளம் வைத்தியர் இருவர் 1968 இல் அங்குப் பயிற்சிக்குச் சேர்ந்தனர். வியட்நாம் போர்க்காலமாதலின், படையிற் சேர்வதற்கு ஈடாக இப்பணி ஏற்கப்பட்டது. எனவே அக்காலத்து வந்தோர் யாவரும் ஆராய்ச்சி வேட்கை ஒன்றினாலேயே வந்தனரென்றல் மிகையாம்.

பிறவியிலேயே இரத்தத்திற் கொலஸ்டரால் பன்மடங்கு மிகும் நோயுடைய சிறுவரைக் கோல்ட்ஸ்டைன் அங்கே பார்த்தார். தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்குறையைப் பெற்ற குழந்தைகட்குப் பத்து வயதிற்கு முன்னரும் மாரடைப்பு வருவதுண்டு. ஆனால் ஆய்வுக்கூடத்தில் அவர் பயின்றதோ இந்நோயன்று. மரபுக் குறிமொழியை விடுத்த மார்ஷல் நிரன்பர்க் என்பாரது கூடத்திற் புரதம் உண்டாகும் முறையைப் பயின்றார். பிரௌன் ஏர்ல் ஸ்டாட்மன் என்பாரிடம் நொதிகளைப் பயின்றார். நோயோடு தொடர்பற்ற இப்பயிற்சி வீணென்று சிலர் கருதக்கூடும். எமது கருத்தில் பயிற்சியின் உயிர்நிலை இதுவே. ஒரு வினாவை விடை காணத்தக்க அளவிற்குச் சுருக்கிக் கேட்கும் வித்தையை அவர்கள் அங்கேதான் கற்றனர்.

பின்னர் இருவரும் டெக்ஸஸ் மாநிலத்து டல்லஸ் நகரில் ஒன்றுகூடினர். நோயாளியின் உடல் முழுவதையும் ஆராயாது, தோலின் சிறு துணுக்கிலிருந்து உயிரணுக்களை வளர்த்து வினவினர். கொலஸ்டராலைச் சுமந்துவரும் இரத்தப் பொருளை வெளியிலிருந்து அளித்தால், நலமுடையோரின் அணுக்கள் தாமே கொலஸ்டரால் செய்வதைக் குறைத்துக் கொண்டன. அந்நோயுற்ற குழந்தைகளின் அணுக்கள் குறைக்கவில்லை. அப்பொருளைப் பற்றி உள்ளே கொண்டுசெல்லும் ஏற்பி அவற்றில் இல்லாமையே காரணமென்று 1973 ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெளிந்தனர். 1985 இல் நோபெல் பரிசு இருவர்க்கும் கிடைத்தது.

இத்தகையோர் அருகிவருகின்றனரென்று ஜேம்ஸ் வைன்கார்டன் 1979 இல் எழுதி எச்சரித்தார். நோயாளிகளைப் பார்க்கும் வேலை இளைஞரின் நாள் முழுவதையும் விழுங்கிவிடுகிறது; ஆராய்ச்சிக்கோ இடையறாத நேரம் வேண்டும். 2006 இல் அந்நாட்டார் தொடங்கிய புதிய உதவித் திட்டத்தில், பயிற்சி பெறுவோரின் உழைப்பில் நூற்றுக்கு 75 பங்கு ஆராய்ச்சிக்கே ஒதுக்கப்பட வேண்டுமென்று விதித்தது இதுபற்றியே. புள்ளியியலும் ஆராய்ச்சி ஒழுக்கமும் பாடமாகவே கற்பிக்கப்பட்டன. நல்ல வினாவைக் கேட்கத் தெரிந்த ஆசிரியரின் அருகிருத்தலுக்கு அவை ஈடாகா.

ஜப்பானில் அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிற் கண்ட பொருளின் வழிவந்த ஸ்டாட்டின் மருந்துகள், 1987 முதல் அமெரிக்காவில் வழங்கலாயின. அவை உயிரணுக்களில் ஏற்பிகளைப் பெருக்கிக் கொலஸ்டராலைக் குறைக்கின்றன. பெருந்தொகையினர் இதனாற் பயனடைந்தனர். ஆயின் ஏற்பியே இல்லாத அக்குழந்தைகட்கு அவை மிகச் சிறிதே உதவும். அத்தகைய சிறுமி ஒருத்திக்கு 1984 இல் இருதயத்தையும் கல்லீரலையும் ஒருங்கே மாற்றிவைக்க நேர்ந்தது.