வயர் இல்லாத மவுஸ் மக்கர் பண்ணினால்...

பில் போடும் கொம்பியூட்டரில் மவுஸ் நின்றால் கடையும் நின்றுவிடுகிறது. உடனே நாம் கேட்பது "ட்ரைவர் போய்விட்டது" என்ற வார்த்தையைத்தான். பெரும்பாலும் அது அவசர முடிவு.

கடந்த மாதம் பண்டாரவளையில் எனக்குத் தெரிந்த ஹார்ட்வெயார் கடையொன்றில் இதே கதை. பார்க்க வந்தவர் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்றிருக்கிறார். அதற்குள் மூன்று வருடக் கடன் கணக்கு இருந்தது, வெளியே பிரதி கிடையாது. ஹாஜியார் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். முதலில் கணக்கைப் பென்ட்ரைவ் ஒன்றில் ஏற்றிக்கொண்டோம். பிறகு டொங்கிளைக் கழற்றி அவரது மகனின் லெப்டொப்பில் செருகினேன். மவுஸ் ஓடியது. மவுஸிலும் பெட்டரியிலும் குறையில்லை, கோளாறு கொம்பியூட்டர் பக்கம்தான் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. வேறு யூ.எஸ்.பி. துவாரத்தில் போட்டோம், சரிவரவில்லை. எனவே ட்ரைவர் பதிவை அழித்துப் பார்த்தோம்.

மவுஸ் இல்லாமலே இதைச் செய்யலாம். விண்டோஸ் விசையுடன் எக்ஸ், பின் எம் அழுத்தினால் டிவைஸ் மெனேஜர் திறக்கும். டெப் விசையால் பட்டியலுக்குள் போய், கீழ் அம்புக்குறியால் மவுஸ் பகுதிக்கு வாருங்கள். வலது அம்புக்குறியால் அதை விரித்து, உள்ளே உள்ள மவுஸ் வரியில் டிலீட் அழுத்தி, என்டர் கொடுங்கள். கீபோர்ட் வரியைத் தொட்டுவிடாதீர்கள், பிறகு கையும் கட்டப்பட்டுவிடும். டொங்கிளைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி செருகினால் விண்டோஸ் தானாகவே ட்ரைவரைப் போட்டுக்கொள்ளும். ஹாஜியாரின் மவுஸ் அப்படித்தான் எழும்பியது.

சாதாரண மவுஸுக்கான ட்ரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியோடு வரும் சீ.டி. மேலதிக பொத்தான்களுக்கு மட்டுமே. "ட்ரைவர் அப்டேட்" செய்து தருவதாகப் பணம் கேட்கும் மென்பொருட்களைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மவுஸ் சற்று நேரம் சும்மா இருந்தபின் உறங்கிவிடுகிறதா? டிவைஸ் மெனேஜரில் யூ.எஸ்.பி. ஹப்பின் பவர் மெனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த அதை அணைக்கும் அனுமதி இருக்கும். அந்தச் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

அம்புக்குறி துள்ளித் துள்ளிப் போனால் அது ட்ரைவர் விஷயமே அல்ல. நமது கவுண்டர்கள் பல கண்ணாடி. சாதாரண ஒப்டிகல் மவுஸுக்குக் கண்ணாடியில் கண் தெரியாது. ஒரு காட்போர்ட் துண்டு போதும். டொங்கிளுக்குப் பக்கத்திலேயே யூ.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தாலும் இடைஞ்சல்தான். அதன் இரைச்சல் மவுஸ் பேசும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையிலேயே விழுகிறது என்று இன்டெல் நிறுவனம் 2012இல் விளக்கியது. சிறு எக்ஸ்டென்ஷன் வயரில் டொங்கிளைத் தள்ளி வையுங்கள்.

டொங்கிள் தொலைந்தால்? லொஜிடெக்கின் 2009இல் வந்த யூனிஃபையிங் வகைக்கு வேறொன்றை வாங்கி இணைக்கலாம். ஆனால் 2021இல் வந்த போல்ட் டொங்கிள் அதற்குப் பொருந்தாது. மலிவான மவுஸ்களில் பெரும்பாலானவை தம்மோடு வந்த டொங்கிளைத் தவிர வேறெதையும் ஏற்காது. லாச்சியில் ஒரு வயர் மவுஸையும் போட்டு வையுங்கள்.