விடியற்கால மருந்து எதற்கு?

அன்புள்ள கயல்,

கோவில்பட்டித் தாத்தாவுக்கு அடுத்த வாரம் கொலனோஸ்கோப்பி, பெருங்குடலைக் குழாய்விட்டுப் பார்க்கும் பரிசோதனை, என்று எழுதியிருந்தாய். "பேதி மருந்து முழுவதையும் ராத்திரியே குடிச்சிட்டுப் படுக்கிறேனே, பாதியை எதுக்கு விடியக்காலம் குடிக்கணும்?" என்கிறாராம், உனக்கும் பதில் தெரியவில்லையாம். நர்சிங் மூன்றாம் ஆண்டில் என்னம்மா சொல்லித் தருகிறார்கள்?

பட்டினி கிடந்தால் குடல் காலியாகிவிடும் என்று நம்மவர்கள் நம்புகிறார்கள். அது பொய். ஒரு பருக்கை உள்ளே போகாவிட்டாலும் பித்தநீரும் சிறுகுடல் சுரப்பும் இரவெல்லாம் ஊறும். அவை முதலில் வந்து சேருமிடம் பெருங்குடலின் வலப்பக்கம். விடிவதற்குள் அங்கே சுவரில் மஞ்சள் கூழாகப் படிந்துவிடும். கண்ணுக்கு எளிதில் சிக்காத தட்டைப் பாலிப்புகள், அதாவது குடல்சுவரில் முளைக்கும் சதைகள், அதிகம் இருப்பதும் அந்தப் பக்கம்தான். கூழுக்கடியில் கிடந்தால் எந்தக் கெட்டிக்கார டாக்டருக்கும் தெரியாது. 'ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட் வரும், பாலிப் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். அந்தக் கூழைக் கழுவத்தான் மறுபாதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு தொடங்கி, கடைசி 2 மணி நேரத்துக்கு முன் முடிக்கச் சொல்கிறோம்.

நான் படிக்கும் காலத்தில் உல்ஃப், ஷின்யா என்ற டாக்டர்கள் இருவரும் 1973-இல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படித்தேன். அதுவரை வயிற்றைக் கிழித்து எடுத்துவந்த பாலிப்பை, 1969-இல் நியூயார்க்கில் குழாய்வழியே கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்துக் காட்டியவர்கள் அவர்கள். புற்றாக மாறப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் ஒன்றை முளையிலேயே எடுத்துவிடலாம் என்றால் அது சின்ன விஷயமா? அதை நாலு டம்ளர் மருந்துக்கு முகம் சுளித்துப் பாழாக்குவதா? குளிரவைத்துக் கொடு, இறங்கும்.

மற்றவை உனக்கே தெரிந்திருக்கும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, விதையுள்ள காய்கள் வேண்டாம். முதல்நாள் இளநீர், பால் விடாத டீ. சிவப்பு நிறப் பானம் எதுவும் கூடாது, உள்ளே ரத்தம்போலத் தெரியும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்துவது வழக்கம். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது. மயக்க மருந்து கொடுப்பதால் அன்று முழுக்க அவர் ஸ்கூட்டரைத் தொடக்கூடாது, பத்திரத்தில் கையெழுத்தும் போடக்கூடாது. வயிறு உப்புவது காற்றால்; தானே போகும். கடும் வலி, காய்ச்சல், நிறைய ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. குடலில் துளை விழுவது அபூர்வம், ஆனால் உண்டு.

அவருக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டா என்று நீ எழுதவில்லை. உண்டென்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல். கடையில் கிடைக்கும் பாஸ்பேட் கலந்த பேதி மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அன்புடன்,
பெரியப்பா