தீக்குச்சி சொன்ன பாடம்

ஒரு பேச்சு ஒருவரை மாற்றுமா? மாற்றும். எப்படி என்று படியுங்கள்.

அரவிந்த் குப்தா கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தார். அங்கே ஒரு நாள் அனில் சத்கோபால் பேசினார். அனில் ஒரு விஞ்ஞானி. ஆராய்ச்சி வேலையை விட்டவர். மத்தியப் பிரதேசத்தில், ஹோஷங்காபாத் மாவட்டத்துக் கிராமப் பிள்ளைகளின் அறிவியல் படிப்புக்காக உழைத்தவர். அந்தப் பேச்சு அரவிந்தின் மனதில் பதிந்தது.

படிப்பு முடிந்தது. புனே நகரில், லாரி செய்யும் டெல்கோ தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நல்ல சம்பளம். ஆனாலும் கேட்ட பேச்சு மறக்கவில்லை. 1978-இல் விடுப்பு எடுத்தார். ஹோஷங்காபாத் போனார்.

அந்த ஊர்ச் சந்தையில் சைக்கிள் வால்வு டியூப் விற்றது. அது மெல்லிய ரப்பர் குழாய். அதை வாங்கினார். சிறு துண்டாக வெட்டினார். இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினார். இணைப்பு கிடைத்தது! சில காசு செலவில் பிள்ளைகளுக்கு ஒரு கருவி கிடைத்தது.

நீங்களும் செய்து பாருங்கள்

தீக்குச்சியின் மருந்தைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். நான்கு குச்சிகளை இணைத்துச் சதுரம் செய்யுங்கள். அழுத்துங்கள். அது சாயும். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்யுங்கள். அழுத்துங்கள். அது சாயாது.

வீட்டுக் கூரைச் சட்டத்தைப் பாருங்கள். மின்கோபுரத்தைப் பாருங்கள். எல்லாம் முக்கோணம்தான். வீட்டில் பெஞ்சு ஆடுகிறதா? காலுக்கும் பலகைக்கும் குறுக்கே சாய்வாக ஒரு கட்டை அடியுங்கள். முக்கோணம் வந்துவிடும். ஆட்டம் நின்றுவிடும்.

பின்னாளில் அரவிந்த் புனேயில், குழந்தைகள் அறிவியல் மையத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தார். 2010-இல் புனேக்கு அருகே லவாசாவில் ஒரு கூட்டம் நடந்தது. அதில் கால் மணி நேரம் பேசினார். குப்பையில் பொம்மை செய்து காட்டினார். இணையத்தில் பல நாட்டு மக்கள் அதைப் பார்த்தார்கள். 2018-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

அன்று அவர் கேட்டது ஒரு பேச்சு. பின்பு அவரே பேசினார். நடுவில் அவர் கை சும்மா இருக்கவில்லை.

“புது யோசனை படித்தவருக்குத்தான் வரும்” என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. நல்ல பேச்சைக் கேளுங்கள். அன்றே ஒன்றைச் செய்து பாருங்கள். யோசனை உங்களுக்கும் வரும்.

கூடிப் பேசுங்கள்

1. சதுரம் ஏன் சாய்ந்தது?
2. உங்கள் வீட்டில் முக்கோணம் எங்கே இருக்கிறது?
3. உங்கள் வேலையில் நீங்கள் கண்டுபிடித்த எளிய வழி என்ன? ஐந்து நிமிடம் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.