வலது ஓரமா, இடது ஓரமா? டீ வைக்கும் இடம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"தம்பி, உங்க பந்து வலப்பக்கம் வளையுது. இடது ஓரத்துல டீ வைங்க. வளையறதுக்கு இடம் நிறையக் கிடைக்கும்." கோல்ஃப் பழகத் தொடங்கிய நாட்களில் ஒரு மூத்த ஆட்டக்காரர் எனக்குச் சொன்ன யோசனை இது. அன்போடு சொன்னார், கேட்கும்போது நியாயமாகவும் பட்டது. இன்றும் புதியவர்களுக்கு இதே யோசனை கைமாறிக்கொண்டிருக்கிறது. இது தவறு என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

ஒரு ஹோலில் மற்ற அடிகளைப் பெரும்பாலும் பந்து கிடக்கும் இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும். முதல் அடிக்கு மட்டும் இடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். பலர் அந்த உரிமையைத் தொடுவதே இல்லை. டீ மேடையின் இரண்டு குறிகளுக்கும் நட்டநடுவில் டீயைக் குத்திவிட்டு அடிக்கிறார்கள். இங்கே வலக்கை ஆட்டக்காரரை வைத்தே பேசுகிறேன். இடக்கைக்காரர்கள் பக்கங்களை மாற்றிப் படிக்கவும். இடமிருந்து வலமாக மெல்ல வளைவது ஃபேட். வலமிருந்து இடமாக வளைவது டிரா.

நம்பிக்கை: வலப்பக்கம் வளையும் பந்துக்கு இடது ஓரமே நல்லது.

டீயிலிருந்து 50 கெஜத்தில் இரு பக்கமும் மரங்கள், நடுவே 15 கெஜ இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். டீ குறிகளுக்கு இடையே 7 கெஜம். உங்கள் ஃபேட் 250 கெஜத்தில் 20 கெஜம் வலப்பக்கம் வளையும். ஆகவே ஃபேர்வேயின் நடுவுக்கு 20 கெஜம் இடப்பக்கமாகக் குறிவைக்கிறீர்கள்.

நடுவில் டீ வைத்தால், மரங்களைக் கடக்கும்போது இடப்பக்க மரத்துக்கும் பந்தின் பாதைக்கும் மூன்றரை கெஜம் மிஞ்சும். வலது குறியை ஒட்டி வைத்தால் அதுவே ஆறு கெஜத்துக்கு மேல் ஆகிறது. இடது குறியை ஒட்டி வைத்தாலோ முக்கால் கெஜம்கூட மிஞ்சாது. 'வளைய இடம்' தேடிப் போனவருக்குப் பந்து கிளம்பவே இடமில்லை! ஃபேட் முதலில் இடப்பக்கம் போய்த்தான் பிறகு வலப்பக்கம் திரும்புகிறது. அதற்குத் தேவையான இடம் இடப்பக்கம் இருக்கிறது. அதைத் திறந்துவிடுவது வலது ஓரம். டிரா அடிப்பவருக்கு இடது ஓரம்.

டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஃபேர்வேயின் இரு பக்கமும் அடர்ந்த புதர். உள்ளே போன பந்தை வெளியே எடுப்பதே பெரும்பாடு. டிரைவரை உறையிலேயே விட்டுவிட்டு இரும்பு மட்டையால் டீ அடிக்கும் தேர்ந்த வீரர்கள் அங்கே உண்டு. அத்தகைய இடத்தில் இரண்டு மூன்று கெஜம் என்பது பெரிய சொத்து.

திறந்த வெளியில் நிலைமை வேறு, அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு குறியிலிருந்து மறு குறிக்கு நகர்ந்தால் 250 கெஜத்தில் உங்கள் கோணம் மாறுவது சுமார் 1.6 பாகை மட்டுமே. குறிவைத்த புள்ளி அதேதான் என்றால், வளையாமல் போகும் பந்து எந்த ஓரத்திலிருந்து அடித்தாலும் அதே புள்ளியில்தான் விழும். மிஞ்சும் லாபம் இரண்டு. வலது ஓரத்திலிருந்து வரும் ஃபேட், விழும் நேரத்தில் ஃபேர்வேயின் போக்கோடு சற்றே இசைந்து உருளும். இரண்டாவது, கண். வலது ஓரத்தில் நிற்பவரின் தோள்கள் இயல்பாகவே மைதானத்தின் இடப்பாதியைப் பார்க்கும். இடது ஓரத்தில் நின்று இடப்பக்கம் குறிவைக்க உடம்பு கூசும். கடைசி நொடியில் தோள் வலப்பக்கம் திரும்பிவிடும். என் அனுபவத்தில் இந்த இரண்டாவதுதான் அதிகம் காப்பாற்றுகிறது.

நம்பிக்கை: ஓரத்துக்கு நகர்ந்தாலே பந்து வளையும், டீயை உயர்த்தினால் டிரா, தாழ்த்தினால் ஃபேட்.

பந்துக்கு நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. அது கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, மோதும் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசை. அது வளைவதோ, முகத்துக்கும் மட்டை வீசப்படும் பாதைக்கும் உள்ள வேறுபாட்டால். டிரைவரில் இன்னொன்றும் சேரும்: பந்து முகத்தின் நுனிப்பக்கம் பட்டால் டிரா போக்கும், கைப்பிடிப்பக்கம் பட்டால் ஃபேட் போக்கும் ஏறும். டீயின் உயரம் முதன்மையாக மாற்றுவது பந்து எழும் கோணத்தையும் பின்சுழற்சியையும். உயரம் மாறியதால் சிலருடைய வீச்சே மாறி, பந்து வேறுவிதமாக வளையலாம். அது வீச்சின் வேலை, டீயின் வேலையல்ல.

நம்பிக்கை: ஆபத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில் டீ வை.

பாதி உண்மை. வலப்பக்கம் ஆபத்து, உங்கள் அடி ஃபேட் என்றால் இரண்டு யோசனைகளும் வலது ஓரத்தையே காட்டும், சிக்கலில்லை. ஃபுளோரிடாவில் உள்ள டிபிசி சாக்ராஸ் மைதானத்தின் 18-ஆவது ஹோலை நினைத்துப் பாருங்கள். இடப்பக்கம் நெடுகத் தண்ணீர். 'ஆபத்துப் பக்கம்' என்றால் இடது ஓரம். ஃபேட் என்றால் வலது ஓரம். எதைக் கேட்பது?

நான் அடியின் வளைவையே கேட்பேன். ஆனால் குறிவைக்கும் புள்ளியைத் தண்ணீருக்கு மேல் வைக்க மாட்டேன். ஃபேர்வேயின் இடது விளிம்பைக் குறிவைத்தால், பந்து வளைந்தால் நடுவில் விழும், வளையாவிட்டாலும் புல்லில் கிடக்கும். டீயின் இடத்தைவிட இந்தப் புள்ளிதான் ஸ்கோரைக் காக்கும். ஜாக் நிக்லாஸ் தன் ஆட்டக்காலம் முழுவதும் ஃபேட்டை நம்பி ஆடியவர். பந்துக்குச் சில அடி முன்னால், தன் கோட்டின் மேல் கிடக்கும் ஏதாவது ஓர் அடையாளத்தைப் பிடித்து அதை வைத்து நிற்பது அவர் வழக்கம். உடைந்த டீ, நிறம் மாறிய புல், எதுவும் போதும். டீ வைக்கும் இடத்தை அப்படி ஓர் அடையாளத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் நீங்களாக ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்துத் திசை பார்த்தால் தண்டனை உண்டு. அடிக்குமுன் எடுத்துவிட்டாலும் தப்ப முடியாது.

டீ குறிகளும் டீ மேடையின் விளிம்பும் ஃபேர்வேயைக் காட்டுகின்றன என்று நம்பி, பாதங்களை அவற்றுக்கு இணையாக வைப்பவர்களும் உண்டு. குறிகள் தினமும் நகர்த்தப்படுபவை. மேடை புதரைப் பார்த்தபடி இருக்கும் ஹோல்களும் உண்டு.

நம்பிக்கை: குறிகளை இணைக்கும் கோட்டிலேயே டீ வைக்க வேண்டும்.

கோட்டுக்குப் பின்னால் இரண்டு மட்டை நீளம் வரை உங்கள் இடம்தான். மட்டை நீளம் என்பது பட்டரைத் தவிர்த்து உங்கள் பையில் உள்ள மிக நீளமான மட்டை. டிரைவரால் அளந்தால் சுமார் இரண்டேகால் மீட்டர் ஆழம் கிடைக்கும். பந்துதான் அந்தச் செவ்வகத்துக்குள் இருக்க வேண்டும், கால்கள் வெளியே நிற்கலாம். ஓரம் தேடுபவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் பந்தே வெளியே போய்விட்டால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு அடி தண்டனையோடு உள்ளிருந்து மறுபடி அடிக்க வேண்டும். ஹோல் ஹோலாக மோதும் மேட்ச் பிளேயில் தண்டனை இல்லை. எதிராளி விரும்பினால் அந்த அடியை உடனே ரத்துசெய்து உங்களைத் திரும்ப அடிக்க வைக்கலாம்.

அந்த ஆழத்தை நான் தரையைப் பார்க்கவே பயன்படுத்துகிறேன். தண்ணீர் வடிவதற்காகப் பல மேடைகளின் ஓரங்கள் சரிந்திருக்கும். பந்து பாதங்களைவிட உயரத்தில் இருந்தால் இடப்பக்கமும், தாழ இருந்தால் வலப்பக்கமும் போக விரும்பும். டிரைவரில் இது குறைவு, பார்-3 ஹோலில் எடுக்கும் குட்டை இரும்பில் அதிகம். வலது ஓரம் சரிவாக இருந்தால் முதலில் ஒரு மட்டை நீளம் பின்னால் போய்ப் பார்ப்பேன். அங்கேயும் பாதம் சமமாக ஊன்றவில்லையென்றால், ஓரத்தை விட்டு நடுவுக்கே வந்துவிடுவேன்.