புல்லின் வேரைத் தின்பது யார்?

பச்சைப் பாய் விரித்தாற்போன்ற புல்தரையில் ஓரிடம் மட்டும் பழுத்துக் காய்கிறது. பிடித்து இழுத்தால் புல் பாயைப் போலச் சுருண்டு கையோடு வந்துவிடுகிறது. அடியில் வேரே இல்லை! மண்ணைக் கிளறினால் பழுப்புத் தலையும் ஆறு கால்களும் கொண்ட வெண்ணிறப் புழுக்கள் பிறைபோல் வளைந்து கிடக்கின்றன. இவை வண்டுகளின் இளம்பருவம்.

மாணவர்களே, இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஜப்பானிய வண்டு. 1916-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ரிவர்ட்டன் என்னும் ஊருக்கு அருகே ஒரு நாற்றுப் பண்ணையில் அதைக் கண்டார்கள். ஜப்பானிலிருந்து வந்த செடிகளின் வேர்மண்ணில் புழுவாக ஒளிந்து அது கடல் கடந்திருக்க வேண்டும். தாயகத்தில் அதை அடக்கி வைக்கும் இயற்கை எதிரிகள் உண்டு. புதிய நாட்டில் எதிரிகள் குறைவு. நீர் பாய்ச்சி வளர்த்த புல்தரையோ வீட்டுக்கு வீடு இருந்தது. பெருகக் கேட்க வேண்டுமா?

அதன் ஓராண்டு வாழ்வைப் பார்ப்போம். கோடையில், பெரும்பாலும் ஜூலையில், தாய் வண்டு மண்ணில் முட்டையிடும். முட்டை மண்ணின் ஈரத்தை உறிஞ்சினால்தான் வளரும். மண் காய்ந்தால் மடியும். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பொரிக்கும் புழு, இலையுதிர் காலம் வரை வேரைத் தின்னும். குளிர் வந்ததும் ஆழத்திற்கு இறங்கும். மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே மேற்பரப்பு உறைந்தாலும் ஆழத்தில் குளிர் அவ்வளவாக உறைக்காது. வசந்தத்தில் மேலேறி, கூட்டுப்புழுவாகி, பின் வண்டாக வெளிவரும்.

இதை அறியாதவர், வசந்தத்தில் முற்றிய புழுக்களின்மேல் மருந்தைக் கொட்டுவார். புழு எளிதில் சாவதில்லை. சில மருந்துகளால் மண்புழுவே சாகும். புழு இளமையாக, மேற்பரப்பை ஒட்டி இருக்கும் கோடையின் இறுதியே ஏற்ற காலம்.

அதற்கும் முன்பு எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் அடிச் சதுரத்தில் மூன்று பக்கம் வெட்டிப் புல்லை மடித்துத் திறந்து, புழுக்களை எண்ணி, மீண்டும் மூடி நீர் தெளிக்கலாம். ஐந்து இடங்களில் 2, 14, 6, 3, 10 எனக் கிடைத்ததாகக் கொள்வோம். சராசரி 7. வேரூன்றிய புல்தரை சதுர அடிக்கு 5, 6 புழுக்களைப் பெரும்பாலும் தாங்கும். 10-ஐ எட்டினால் சேதம் தெரியும். ஆனால் சராசரியை மட்டும் பார்த்தால் 14, 10 உள்ள இடங்கள் மறைந்துவிடும்! அந்த இடங்களுக்கே மருத்துவம் வேண்டும். தரை முழுவதற்கும் அன்று. புழுவே இல்லையென்றால் குற்றவாளி வறட்சியோ பூஞ்சையோ ஆகலாம்.

மருத்துவமும் நஞ்சாகவே இருக்க வேண்டியதில்லை. புழுவின் உடலில் புகுந்து அதைக் கொல்லும் நுண்ணிய உருளைப் புழுக்கள் உண்டு. சூரியனின் புற ஊதாக் கதிர் அவற்றைக் கொல்லுமாதலால், மாலையில் ஈர மண்ணில் விட வேண்டும். மணத்தால் வண்டை ஈர்க்கும் பொறியோ, பிடிப்பதைவிட அதிகமான வண்டுகளை அழைத்து வந்துவிடும்!

நம் ஊரிலும் இவ்வண்டின் உறவினர் உண்டு. கோடை மழைக்குப் பின் அந்தி வேளையில் வேப்பமரத்தைப் பாருங்கள். இலை தின்னும் பழுப்பு வண்டுகள் தென்படலாம். அவற்றின் புழுக்களே நிலக்கடலை வேரைத் தின்பவை. கிளையை உலுக்கி, விழும் வண்டுகளை எண்ணிக் குறித்து வையுங்கள். பகையை வெல்ல முதற்படி, அதை எண்ணுவதுதான்.