தரகுக் கூலி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களில் வீடு விற்கப் புகுவோர் பலர், கிரயத்தையே எண்ணித் தரகைப் பற்றி முன்னரே பேசாது விடுகின்றனர். பின்னர் மனத்தாங்கல் நேரிடுகின்றது.

நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்பது வழக்கமேயன்றிச் சட்டமன்று. ஆதலின் அது பேசித் தீர்க்கத்தக்கது. 60 லட்ச ரூபாய் வீட்டிற்கு நூற்றுக்கு 2 வீதம் தரகு 1,20,000 ரூபாய். விலை 58 லட்சமாய்க் குறையின் உரிமையாளர்க்கு 2 லட்சம் குறையும். தரகர்க்குக் குறைவதோ 4,000 ரூபாயே. ஆகவே, நல்ல விலையினும் விரைந்த விற்பனையே அவர்க்கு ஆதாயம் என்பது விளங்கும். 58 லட்சம் வரை நூற்றுக்கு 1, அதற்கு மேற்பட்ட தொகைக்கு நூற்றுக்கு 10 என உடன்பட்டால், இருவர் நோக்கமும் ஒன்றுபடும்.

வேறு உடன்படிக்கை இல்லாவிடில், ஏற்ற காரியம் முடியுமுன் முகவர்க்குக் கூலி உரித்தாகாது என்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆம் பிரிவு. முறைகேடாய் நடத்திய பகுதிக்குக் கூலியே இல்லை என்பது 220-ஆம் பிரிவு.

ஆதலின் வீதம், செலுத்தும் நாள், வாங்குவோரிடமும் தரகு பெறுதல் உண்டோ என்பது ஆகிய மூன்றையும் முதலிலேயே எழுதிக்கொள்க. உழைத்தவர்க்குக் கூலி மறுத்தல் அறமன்று. பேசாதிருந்து பின் வழக்காடுதல் அறிவுமன்று.